அடியில் விட்ட இரண்டு பக்கெட்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரிடமும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று, ஓய்வு பெற்றுவிட்ட என்னை மேடம் திரும்பக் கூப்பிட்டார். வாயைத் திறந்தால் திட்டத்தான் வரும் என்பதால் எழுதித் தருகிறேன். எழுத்தில் திட்ட மாட்டேன் என்று அர்த்தமில்லை. கொஞ்சம் நிதானமாகத் திட்டுவேன், அவ்வளவுதான்.

மூன்று நாளாக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையுறை போட்ட கையால் செல்போனை நோண்டுகிறீர்கள், அதே கையால் வால்வைத் திருகுகிறீர்கள். திரையில் பச்சை விளக்கு எரிந்தால் டேங்க் சுத்தம் என்று நம்புகிறீர்கள். அந்த விளக்கை எரிய வைப்பது ஒரு பட்டன். பட்டனை அழுத்துவது நீங்கள். அப்புறம் நீங்களே அதைப் பார்த்து நம்புகிறீர்கள். உங்களில் ஒருவர் என்னிடம், "இன்னா பெரியவரே, பூச்சி வளக்கறதுக்கு இவ்ளோ அலப்பறையா?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் டீ குடிக்கப் போனதுதான் தப்பு. அந்தப் பதில் இது.

என் படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் பாஸ் இல்லை. செங்கல் சூளையில் மண் மிதித்தேன். லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போய் வந்தேன். அரிசி ஆலையில் உமி அள்ளினேன். பழவேற்காடு பக்கம் இறால் குஞ்சுப் பண்ணையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் இருந்தபோது இடது சுண்டுவிரலின் நுனி போனது. கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டுப் பிரித்துக்கொண்டு போனபோது என் இடத்தில் வேறு ஆள் நின்றான். அவனிடம் பீடி வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எந்த இடத்திலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. சண்டை வந்தால் போய்விடுவேன். சண்டை வராவிட்டால் சலிப்பு வரும், அதற்கும் போய்விடுவேன். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை. பை எப்போதும் கட்டியபடியேதான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பை இந்தக் கதையில் வருகிறது.

இறால் பண்ணையில் டேங்க் கழுவிய அனுபவம் உண்டு என்று சொல்லித்தான் அதே தொழிற்பேட்டையில் சூடோமோனாஸ் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நுழைந்தேன். இங்கே நாம் செய்கிற அதே வேலைதான். நெல் விதையோடு கலந்து விதைத்தால் பயிருக்கு நோய் அண்டாமல் காக்கும் பாக்டீரியா. லேபில் குடுவையில் கொஞ்சமாக வளர்த்துத் தருவார்கள், அதற்கு சீடு என்று பேர். பெரிய டேங்கில் அதற்குத் தீனியாகக் கஞ்சி காய்ச்சி, அந்த சீடை ஊற்றியதும் ஒரே நாளில் டேங்க் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக நிற்கும். பாட்டிலில் அடைத்து உரக்கடைக்கு அனுப்புவார்கள்.

ஒரு பேட்ச் முடிந்ததும் டேங்கை முழுசாக வடிக்க வேண்டும். அடி வால்வின் மூடியைக் கழற்றிக் கடைசிச் சொட்டையும் விட வேண்டும். கழுவி, கிருமி மருந்து ஊற்றி, பிறகு ஒரு மணி நேரம் ஸ்டீம் விட வேண்டும். மூன்று மாதம் அப்படித்தான் செய்தேன். அப்புறம் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. இந்தத் தொழிலில் பயப்பட வேண்டிய நேரம் அதுதான்.

தயிர் எப்படி உறைகிறது? நேற்றைய தயிர் ஒரு கரண்டி இருந்தால் போதும். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி எதற்குப் புதிதாகத் தொடங்க வேண்டும்? டேங்கின் அடியில் இரண்டு பக்கெட் பழைய குழம்பை உறையாக விட்டுப் பார்த்தேன். அடுத்த பேட்ச் நான்கு மணி நேரம் முன்னதாகவே பொங்கி வந்தது. ஸ்டீம் வேண்டாம், மூடி கழற்ற வேண்டாம். மேலே இருந்து யாராவது மூக்கை நீட்டினால் சுத்தம் செய்த மாதிரி இருக்க வேண்டுமே, அதற்காகக் கிருமி மருந்தில் ஒரு மூடி மட்டும் ஊற்றுவேன். வாசனைக்கு. கழுவிய கணக்கு எழுதும் புத்தகத்தில், "மூடி கழற்றிக் கழுவி, ஸ்டீம் ஒரு மணி நேரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எட்டாம் வகுப்பு பாஸாகாதவன் எழுதியதை யாரும் சந்தேகப்படவில்லை. பொய் சொல்ல அறிவு வேண்டும் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள்.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் ஆரம்பாக்கத்துக்காரர். ஆந்திர எல்லையில் பிறந்தவர், எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் கத்துவார்.

"நைனா, ஸ்டீமு வோணுமா வேணாமா? நான் கட்டைய போட்டுக்கினே இருக்கவா?"

"உடு உடு. நாஷ்டா ஆறிடப் போவுது."

"நீ கழுவாத டேங்கு, நான் ஏத்தாத ஸ்டீமு. ரெண்டு பேருக்கும் சம்பளம் மட்டும் கரெக்டா வருது நைனா."

மேனேஜருக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். அரை நாள் மிச்சமாவது அவருக்குத் தெரியும். எப்படி மிச்சமாகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தான் அவருக்குத் தனி அறையும் ஏசியும் கொடுத்திருந்தார்கள். தலைமை அலுவலகத்துக்குத் தன் சாமர்த்தியம் என்று எழுதி அனுப்பி, அவர்கள் பாராட்டி எழுதியதை நோட்டீஸ் போர்டில் குத்தியும் வைத்தார். நான் அதன் அடியில் நின்றுதான் பல் குத்துவேன்.

ஏழெட்டு மாதம் இப்படி ஓடியது. அப்புறம் புது ரகம் வந்தது.

அதுவும் சூடோமோனாஸ்தான். வெயிலில் கிடந்தாலும் பாட்டிலுக்குள் அதிக நாள் உயிரோடு இருக்கும் என்று வெளியிலிருந்து வாங்கி வந்தார்கள். அதை வளர்க்கும் பொறுப்பு லேபில் இருந்த ஒரு பெண்ணுக்கு. வயது இருபத்தைந்து இருக்கும். கடம்பத்தூரிலிருந்து வருவாள். ஒரு மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, அங்கே இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டி பிடிக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டின் முதல் பட்டம் அவளுடையது. என்னை அண்ணா என்பாள். அவளை எனக்கு அப்போது பிடிக்காது. சின்ன வயது, பெரிய படிப்பு, எதற்கெடுத்தாலும் கேள்வி. பொய் எழுதுகிறவனுக்குக் கேள்வி கேட்பவரை எப்படிப் பிடிக்கும்?

"அண்ணா, இந்த தடவ டேங்க நல்லா க்ளீன் பண்ணிடுங்க. பழசு ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

"சரிம்மா, சரிம்மா."

எனக்குள் சிரித்துக்கொண்டேன். பசும்பால் தயிரை எருமைப்பாலில் உறை ஊற்றினால் உறையாதா? இரண்டுமே சூடோமோனாஸ். புதுப் பிள்ளைக்கு ஒரு துணை இருக்கட்டும் என்று வழக்கம்போல் இரண்டு பக்கெட் அடியில் விட்டேன். ஒரு மூடி மருந்து ஊற்றினேன். புத்தகத்தில் ஒரு மணி நேரம் ஸ்டீம் விட்டேன்.

அவள் சீடை ஊற்றினாள். மத்தியானம் வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் நிறம் ஏறவில்லை. குழம்பு நீர்த்தது. நுரை மட்டும் மேலே மேலே பொங்கி மூடி வழியாக வழிந்தது. மறுநாள் பார்த்தால் பாதி கூட வளரவில்லை. மொத்தமும் சாக்கடைக்குப் போனது. இன்னொரு முறை செய்தோம். நானும் அதையே செய்தேன், டேங்கும் அதையே செய்தது.

இரண்டாவது பேட்ச் கெட்ட அன்று அவள் படியேறி வந்து என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, அடி வால்வு மூடியக் கழட்டினீங்களா?"

"கழட்டனேம்மா."

"ஸ்டீம்?"

"ஒரு மணி நேரம். எழுதிக்கீறேன் பாரு."

"எழுதனத பாத்துட்டேன். அதான் உங்கள கேக்கறேன்."

நான் கோபப்பட்டேன். பொய் சொன்னவனுக்குக் கோபம்தான் முதலில் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "நான் இறால் பண்ணைல டேங்கு கழுவும்போது நீ ஊட்ல பலப்பம் தின்னுக்கினு இருந்த" என்றேன். அவள் டேங்கிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலில் மாதிரி எடுத்துக்கொண்டு போனாள்.

சம்பா விதைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. உரக்கடைகளிலிருந்து போன் மேல் போன். மேனேஜர் சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார். காரில் வந்தார், பளபளவென்று ஷூ. டேங்கின் மேல் ஏறிப் பார்க்க ஏணி வைத்தோம். ஏணியைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், ஷூ ஜெயித்தது. கீழே நின்றபடியே டேங்கைத் தட்டிப் பார்த்தார், முலாம்பழம் வாங்குகிறவர் மாதிரி. சர்க்கரை போடாத காபி கேட்டார். புத்தகத்தைப் புரட்டினார். "க்ளீனிங்லாம் பர்ஃபெக்ட். சீடுதான் ப்ராப்ளம். வீக்கான சீடு" என்றார். அவள், லேபில் அதே சீடு குடுவையில் நன்றாக வளர்கிறது என்று காட்டினாள். "குடுவைல எதுவும் வளரும்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். என் பொய்க்கு ஒரு படித்த மனிதர் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கூச்சமாக இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். நிம்மதியாக இருந்தது.

மேனேஜர் அவளிடம், "நாளைக்கு பத்து மணிக்கு மீட்டிங். அவரும் வராரு. சீடு ஏன் கெட்டுச்சுன்னு எழுதிக் கொண்டாம்மா. கூடவே ராஜினாமாவும் எழுதிட்டீன்னா எல்லாருக்கும் நல்லது" என்றார்.

இந்தத் தொழில் செய்யும் கம்பெனிகளைக் கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் சேர்த்து என் இடது கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். அந்தக் கையில் எத்தனை விரல் உருப்படியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சீடைக் கெடுத்தவள் என்ற பேரோடு வெளியே போனால் அவளை எந்த லேபிலும் ஏற்றமாட்டார்கள். படித்த படிப்பு முழுக்க அந்த ஒரு பேரில் போய்விடும்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் என்னை லேபுக்குக் கூப்பிட்டாள். மேஜையில் மூன்று வட்டமான கண்ணாடித் தட்டுகள். தட்டில் பாக்டீரியா புல்தரை மாதிரி ஒரே சீராக வளர்ந்திருந்தது.

"இது புது ரகம். டேங்க்ல எடுத்த தண்ணிய வடிகட்டி, உயிரோட எதுவும் இல்லாம பண்ணி, நடுவுல ஒரு சொட்டு வெச்சேன். பாருங்க."

நடுவில் நாலணா அளவுக்கு ஓட்டை. புல்தரையில் யாரோ கொதிநீர் ஊற்றிய மாதிரி மொட்டையாக இருந்தது.

"இது நம்ம பழைய ரகம். அதே தண்ணி, அதே ஒரு சொட்டு."

இதில் ஓட்டையே இல்லை.

"இன்னாம்மா இது? ஒண்ண கொல்லுது, ஒண்ண உட்டுடுது?"

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் மேடம் திருத்துவார். பாக்டீரியாவுக்கு உயிர் வாழ இரும்பு வேண்டும். நாம் ஊற்றும் கஞ்சியில் இரும்பு குறைவு. அதனால் அது இரும்பைப் பிடித்து வர ஒரு பச்சைப் பொருளை வெளியே அனுப்பும். அந்தப் பச்சைதான் டேங்கின் நிறம். அது இரும்போடு திரும்பி வந்ததும் உள்ளே விட உடம்பில் ஒரு கதவு வைத்திருக்கும். பசி கூடக் கூட அதிகக் கதவு. பக்கத்து ரகம் செய்கிற விஷம் வந்து அந்தக் கதவில்தான் ஒட்டிக்கொள்ளும். இரும்பு வந்திருக்கிறது என்று நினைத்து, உள்ளே இழுக்கிற வேலையை அந்தப் பாக்டீரியாவே செய்யும். சுவரை உடைக்க வேண்டியதில்லை. சாகப்போகிறவனே கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போகிறான். உள்ளே போனதும் விஷம் அதன் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக அறுத்துவிடும். வளர முடியாது, பிழைக்க முடியாது. முடிந்தது.

"அப்ப விஷம் செஞ்சவன் சாவ மாட்டானா?"

"அவனுக்கும் அவன் கூடப் பொறந்தவங்களுக்கும் உள்ள மாத்து மருந்து இருக்கும். அதான் ரெண்டாவது தட்டுல ஓட்டை இல்ல. ஆனா விஷத்த வெளிய உடறதுக்கு அவன் வெடிச்சாவணும். ஒருத்தன் வெடிச்சு சாவான், மத்தவங்க எடம் புடிப்பாங்க. டேங்க்ல வந்த நுரை அதுதான்."

மூன்றாவது தட்டில் அதே புது ரகம், ஆனால் கஞ்சியில் இரும்பு அதிகம் போட்டிருந்தாளாம். ஓட்டை கொத்துமல்லி விதை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வயிறு நிறைந்தவன் கதவைச் சாத்திவிடுகிறான், விஷத்துக்கு வழி குறைவு. இரும்புக்காகச் செத்தவர்களை நான் ரோலிங் மில்லிலேயே பார்த்தவன். இது எனக்குச் சட்டென்று புரிந்தது.

"ஊர்ல எவ்ளோ கிருமி கீது. அதுங்கள உட்டுட்டு சொந்தக்காரன ஏன் கொல்லுது?" என்றேன்.

"சொந்தக்காரன்தான்ணா அதே சோத்துக்கு வருவான். கதவும் ஒரே மாதிரி இருக்கும்."

அப்புறம் என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"பழைய ரகம் சும்மா இருந்தா இவ்ளோ விஷம் உடாது. யாராவது சாவற அளவுக்கு இல்லாம லேசா அடிச்சா உடும். கொஞ்சூண்டு மருந்து பட்டா போதும். எவ்ளோ ஊத்தனீங்க அண்ணா?"

ஒரு மூடி. வாசனைக்கு. முழுசாக ஊற்றியிருந்தால் செத்திருக்கும். ஊற்றாமலே விட்டிருந்தால் கூட இந்த அளவுக்குப் போயிருக்காது. அரை வேலை செய்தவன் நான்.

"இத நாளைக்கு காட்டு. உன் சீடு நல்லாதான் கீதுன்னு தெரிஞ்சிடும்" என்றேன்.

"தெரியாது. டேங்க்ல பழைய ரகம் இருந்துச்சுன்னு மட்டும்தான் தட்டு சொல்லும். எப்படி வந்துச்சுன்னு சொல்லாது. புக்குல ஒரு மணி நேரம் ஸ்டீம்னு உங்க கையெழுத்து இருக்கு. ஸ்டீம் உட்டா பழசு இருக்க முடியாது. அப்ப லேப்லதான் ரெண்டும் கலந்துடுச்சு, நான்தான் கலந்துட்டேன்னு ஆயிடும்."

"பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை என்ன செய்தேன் தெரியுமா? பையை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். சூளூர்ப்பேட்டை வண்டி பிடித்து அந்தப் பக்கம் போய்விடலாம். புதிதாக நிறைய ஆலைகள் வந்திருந்தன, ஆள் எடுத்தார்கள். எனக்கு இது புதிதில்லை. பையை எடுப்பதற்குக் காரணம் கூடத் தேவைப்படாத ஆள், இந்த முறை ஒரு காரணமும் இருந்தது.

எதிர் பிளாட்பாரத்தில் சென்னையிலிருந்து வந்த வண்டி நின்றது. கூட்டத்தோடு அவள் இறங்கினாள். தட்டுகளைச் சாப்பாட்டு டப்பா மாதிரி துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். லேபில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று வீட்டுக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறாள். படியேறி இந்தப் பக்கம் வந்தவள் என்னைப் பார்த்தாள். என் பையைப் பார்த்தாள். அழுவாள், கெஞ்சுவாள், திட்டுவாள் என்று மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அடில நீங்க உட்ட பழசு இன்னும் இருக்கு. போறதுக்கு முன்னாடி அதயாவது ஊத்திட்டுப் போங்க அண்ணா. அடுத்து வர ஆளு பாவம்."

அவ்வளவுதான். போய்விட்டாள். சூளூர்ப்பேட்டை வண்டி வந்தது. நான் ஏறவில்லை. மனசாட்சி என்று பெரிய வார்த்தை போடாதீர்கள். நான் எத்தனையோ இடத்தில் வேலையை விட்டிருக்கிறேன். ஆனால் என் அழுக்கை இன்னொருவன் அள்ளட்டும் என்று எவரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அது சுட்டது.

ஷேர் ஆட்டோவில் திரும்பிப் போனேன். அடி வால்வின் மூடியைக் கழற்றினேன். ஏழெட்டு மாதத்து வண்டல் கட்டியாக இறங்கியது. நாற்றம் அடித்த அடியில் பாய்லர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"நைனா, எவனாச்சும் செத்துக்கீறானா உள்ள?"

"நெறைய பேரு. ஸ்டீம ஏத்து."

"இன்னைக்கு இன்னா விசேஷம்?"

"ஏத்துய்யா."

அடிக் குழாயில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு இறங்கும் வரை நின்றேன். அதற்குள் மணி பத்தேகால். ஈரச் சட்டையோடு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மீட்டிங் அறைக்குள் போனேன். மேனேஜர், ஆலோசகர், அவள். அவள் தட்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள். முந்தின நாள் அவள் பயந்தபடியே ஆலோசகர் சொல்லிக்கொண்டிருந்தார்: இரண்டு ரகமும் லேபில் கலந்துவிட்டன, அதற்குப் பொறுப்பு இந்தப் பெண். அறிக்கையை டைப் அடித்தே கொண்டு வந்திருந்தார்.

"டேங்க்ல பழசு இருந்தது என்னாலதான். ரெண்டு பக்கெட் அடில உட்டேன். ஸ்டீம் உடல" என்றேன்.

மேனேஜர் முகம் மாறியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். உண்மை தெரிந்த சந்தோஷம் துளி கூட இல்லை. நோட்டீஸ் போர்டில் குத்தியிருக்கும் பாராட்டுதான் அவர் கண்ணில் ஓடியது. அரை நாள் மிச்சம் பிடித்த சாமர்த்தியம் கழுவாத டேங்க் என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னார். "யோவ், பேஜாரு பண்ணாத. இன்னைக்கு கழுவிட்ட இல்ல? அதோட உடு. உன் வேல எங்கயும் போவாது. அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, வேற எங்கனா பாத்துக்கும்."

என் ஒரு மூடி மருந்துக்கு விஷம் கக்கிய பூச்சி கூட, வாசலில் கூட்டிப்போய் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கக்கவில்லை.

வாயால் சொன்னதை அவர்கள் மறந்துவிடுவார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அறைக்குள் திரும்பிப் போய் மேஜையில் புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் புத்தகத்தில் பக்க எண் அச்சடித்திருக்கும், கிழித்தால் தெரிந்துவிடும். "ஸ்டீம் ஒரு மணி நேரம்" என்று எழுதியிருந்த ஒவ்வொரு பக்கத்திலும் அதை அடித்துவிட்டு, பக்கத்தில், "ஸ்டீம் விடவில்லை. மூடி கழற்றவில்லை. இரண்டு பக்கெட் அடியில் விட்டேன். மருந்து ஒரு மூடி, வாசனைக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்து மெதுவான எழுத்து. ஏழெட்டு மாதத்துப் பக்கங்கள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

"யோவ், நிறுத்துய்யா" என்று மேனேஜர் இரண்டு முறை சொன்னார். பேனாவைப் பிடுங்க ஆலோசகரை வைத்துக்கொண்டு அவருக்குத் தைரியம் வரவில்லை.

எழுதி முடித்ததும் ஆலோசகர் முதல் முறையாகத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். பின்னால் கேள்விப்பட்டேன், அந்தத் தட்டுகளைத் தன் கண்டுபிடிப்பாகவே புது அறிக்கையில் எழுதிக்கொண்டாராம். வெட்கப்படத் தெரியாததும் ஒரு வரப்பிரசாதம்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் ராஜினாமா எழுதவில்லை. என்னிடம் நன்றியும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் வீட்டுக்குத் தீ வைத்தவன் தண்ணீர் வாளி எடுத்து வந்தால் அதற்கு மாலையா போடுவார்கள்? வெடித்துச் செத்த பாக்டீரியா மாதிரி நான் தியாகம் செய்தேன் என்று பாய்லர்காரர் ரொம்ப நாள் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கதைதான் வேண்டும். இரண்டு பக்கெட்டை அடியில் விட்டது யார் என்பதை மறந்துவிடுவார். நீங்கள் மறக்காதீர்கள்.

மூன்றாம் நாள் சூளூர்ப்பேட்டையில் இருந்தபோது அவரே போன் செய்தார். "நைனா, டேங்கு சும்மா பச்சை பச்சைன்னு நிக்கிது. மேனேஜரு பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சிக்கினு கீறாரு."

அப்புறம் ஒரு வருடம் வழக்கம்போல் சுற்றினேன். வேப்பம்பட்டில் கட்டடத்துக்குக் காவல் இருந்தபோது, இந்தக் கம்பெனியில் டேங்க் ஆபரேட்டர் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தேன். உள்ளே போனால் மேஜைக்கு அந்தப் பக்கம் அவள். இங்கே லேப் முழுக்க அவள் பொறுப்பு. பக்கத்தில் கம்பெனி முதலாளி. எனக்குக் கால் திரும்பிவிட்டது.

"உக்காருங்க" என்றாள். அண்ணா இல்லை. "இதுக்கு முன்னாடி டேங்க் வேலைல இருந்து ஏன் அனுப்பிட்டாங்க?"

அவளுக்குத் தெரியாதா? என் வாயால் வர வேண்டும் என்று கேட்டாள். "டேங்க கழுவாம கழுவினேன்னு புக்குல எழுதினேன் மேடம். அதுக்கு."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அவரிடம், "அத அப்படியே எழுதிக்கோங்க சார். நாளைல இருந்து வரட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் எனக்கு மேடம். என்னை நம்பித்தான் சேர்த்துக்கொண்டார் என்று நானும் நினைத்தேன். முதல் பேட்ச் முடிந்தது. மூடியைக் கழற்றினேன், ஸ்டீம் விட்டேன், புத்தகத்தில் எழுதினேன். மேடம் வந்தார். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நேராக டேங்கின் அடியில் குனிந்து, கடைசிக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு பட்டுக் கையை உதறிக்கொண்டு, "ம்" என்றார். போய்விட்டார். அடுத்த பேட்சிலும் அப்படியே. பத்தாவதிலும், நூறாவதிலும். ஒரு நாள் கூட என் எழுத்தை நம்பி அவர் போனதில்லை.

வேறு எந்த இடத்திலாவது இப்படி ஒருவர் சந்தேகப்பட்டிருந்தால் அன்றே பையை எடுத்திருப்பேன். இங்கே ஒன்பது வருடம் இருந்தேன். ஓய்வு பெறும் நாளன்று அந்தப் பையைத் தேடினேன். போர்வையை எலி தின்றிருந்தது.

நாளை உங்கள் முதல் பேட்ச் முடியும். புத்தகத்தில் நீங்கள் எழுதுவீர்கள், திரையில் பச்சை விளக்கு எரியும். மேடம் வருவார், இரண்டையும் பார்க்க மாட்டார், குனிவார். படித்த நம்மை நம்பவில்லையே என்று முகத்தைத் தூக்காதீர்கள், உங்களை விடப் பெரிய பொய்யனிடமும் அவர் அப்படித்தான் நடந்துகொண்டார். அடியில் ஏதாவது விட்டிருந்தால், அவர் கை குழாயைத் தொடுவதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.